கட்டற்ற மென்பொருளும் நிபந்தனைப் பட்டாவும்

"கோடுக்குச் சாதி கிடையாது." கோவையைச் சுற்றியிருக்கிற பொறியியல் கல்லூரி அரங்குகளில் இந்த வாக்கியத்தை இப்போது அடிக்கடி கேட்க முடிகிறது. சொல்பவர்கள் பெரும்பாலும் கம்பெனிக்காரர்கள். பின்னால் லினக்ஸ் பென்குயின் படம் போட்ட துணி தொங்கும். 'எல்லாவற்றையும் திறந்து வைத்துவிட்டோம், யார் வேண்டுமானாலும் வரலாம், எடுக்கலாம், எழுதலாம், யாரும் உங்கள் ஊரையோ தெருவையோ கேட்கப்போவதில்லை' என்பார்கள். மாணவர்கள் கைதட்டுவார்கள். தலித் மாணவர்களும் சேர்ந்துதான் தட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

இலக்கியப் பத்திரிகையில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதற்கு என்று முகம் சுளிக்கிற தோழர்கள் உண்டு. நிலத்தைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் நாம் எழுதித் தீராத பக்கமில்லை. பொதுவில் கிடக்கிற ஒன்றை யார் அனுபவிக்கிறார்கள், யார் பராமரிக்கிறார்கள், கடைசியில் அது யார் பெயருக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் நிலத்தின் கேள்வி, கிணற்றின் கேள்வி. மென்பொருளிலும் அதே கேள்விதான் கிடக்கிறது. நம் கையிலிருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளே ஓடுவது லினக்ஸ் கரு. அதை ஒதுக்கிவைத்துவிட்டு நாம் வாழ்வதாகப் பாவனை செய்ய முடியாது.

விஷயம் இதுதான். மென்பொருளை மனிதர்கள் எழுதுகிறார்கள். எழுதிய வடிவத்துக்கு மூலநிரல் என்று பெயர். கம்பெனிகள் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்க்க மட்டும் முடிகிற வடிவத்தை நமக்கு விற்றன. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் இதை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார். பயன்படுத்தவும், உள்ளே திறந்து படிக்கவும், மாற்றவும், அடுத்தவருக்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்றார். 1991இல் பின்லாந்தில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதிப் பொதுவில் வைத்தார். இந்த வகையைத் தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறோம். நல்ல சொல். கட்டு என்றால் என்னவென்று நமக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்க்கட்டும் சாதிக்கட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே 'கட்டற்ற' என்று கேட்டதும் மனசு குளிர்ந்துவிடுகிறது. ஆனால் இந்த மென்பொருளை இத்தனை காலம் காப்பாற்றி வந்ததே ஒரு கட்டுதான்! இதைக் கம்பெனிக்காரர்கள் மேடையில் சொல்வதில்லை.

அந்தக் கட்டின் பெயர் ஜிபிஎல். 1989இல் ஸ்டால்மன் எழுதிய உரிமம், 1991இல் இரண்டாம் பதிப்பு வந்தது. லினக்ஸ் 1992 முதல் இதன் கீழ்தான் வருகிறது. அது சொல்வது ரொம்ப எளிமை. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வேணும்னா காசுக்கு வித்துக்கோ. ஆனால் யாருக்குக் கொடுத்தாலும் மூலநிரலோடு கொடு, உனக்குக் கிடைத்த அதே உரிமையோடு கொடு. வழியில் யாரும் வேலி போட்டுக்கொள்ள முடியாது.

நிபந்தனையோடு கொடுக்கப்பட்ட சொத்து நமக்குப் புதிதல்ல. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பட்டாவிலும் நிபந்தனை இருந்தது. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே மாற்றலாம், மீறினால் கைமாற்றம் செல்லாது. காகிதத்தில் இதைவிடக் கறாராக எழுத முடியாது. அப்புறம் என்ன ஆச்சு? கடனுக்குப் போச்சு, மிரட்டலுக்குப் போச்சு, தாசில்தார் ஆபீசில் ஒரு கோட்டை அடித்து இன்னொரு பெயர் எழுதினதிலே போச்சு. அதைக் கேட்டு நின்ற காரணையில் 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அந்த நிபந்தனையை எழுதியவன் முட்டாள் இல்லை. அதை அமல்படுத்த வேண்டிய நாற்காலியில் நிலத்தைப் பிடித்தவனின் மச்சான் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான்.

இந்த வரலாற்றோடு போய்க் கம்பெனிகளின் உரிம விளையாட்டைப் பார்த்தால் ஒவ்வொரு அடியும் தெரிந்த அடியாக இருக்கிறது.

முதலில் பெயர் மாற்றம். 1998 பிப்ரவரியில் அமெரிக்காவில் சிலர் கூடி, 'சுதந்திர மென்பொருள்' என்ற பெயர் வியாபாரிகளைப் பயமுறுத்துகிறது என்று முடிவு செய்து 'ஓப்பன் சோர்ஸ்' என்று வைத்தார்கள். திறமூலம். அதாவது மூலம் திறந்திருக்கிறது, நல்ல தரமாக வரும், செலவு குறையும். உரிமை என்கிற பேச்சு பின்னுக்குப் போய்விட்டது. சேரிக்குக் காலனி என்று பெயர் வைத்தவர்களைப் பார்த்த நமக்கு, பெயரை மட்டும் மாற்றினால் எது மாறும் எது மாறாது என்று தெரியும்.

இரண்டாவது, நிபந்தனையைக் கழற்றுவது. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி என்று வேறு உரிமங்கள் உண்டு. பெயரை மட்டும் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். மூடிக்கொள்ளலாம், விற்கலாம், திருப்பித் தர வேண்டியதில்லை. இவற்றில் எம்ஐடியும் பிஎஸ்டியும் பல்கலைக்கழகங்களிலிருந்து வந்தவை, கம்பெனிகள் கண்டுபிடித்தவை அல்ல. ஆனால் கம்பெனிகளுக்கு இனிப்பது இவைதான். ஜிபிஎல்லைப் பற்றிப் பேசும்போது அவர்களுடைய வக்கீல்கள் என்ன சொல் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? 'தொற்று' என்கிறார்கள். 'அசுத்தப்பட்டுவிடும்' என்கிறார்கள். ஜிபிஎல் நிரல் ஒரு துண்டு கம்பெனி நிரலோடு கலந்துவிட்டால் முழுசும் கெட்டுவிடுமாம். 2001இல் மைக்ரோசாப்ட்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர், தொட்டதையெல்லாம் பற்றிக்கொள்ளும் புற்றுநோய் என்றே லினக்சைச் சொன்னார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் அசுத்தத்துக்குத் தமிழில் என்ன பெயர்? தீட்டு. பகிர்ந்துகொள் என்று சொல்கிற காகிதம் இவர்களுக்குத் தீட்டாகப் படுகிறது. அதே மைக்ரோசாப்ட் 2018இல், உலகத்துக் கட்டற்ற நிரல்களில் பெரும்பகுதி குடியிருக்கிற கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. தீட்டுக்காரன் வீட்டுக்குள் வரக் கூடாது, தீட்டுக்காரன் குடியிருக்கிற நிலம் மட்டும் வேண்டும்!

மூன்றாவது அடி கொஞ்சம் நுட்பமானது. ஜிபிஎல் நிபந்தனை எப்போது விழிக்கிறது? மென்பொருளை அடுத்தவருக்குக் கொடுக்கும்போது. கொடுக்காமலே சம்பாதித்தால்? மென்பொருளைத் தன் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, இணையம் வழியாக அதன் பலனை மட்டும் விற்றால்? நிபந்தனை தூங்கும். பஞ்சமி நிலத்தில் நடந்த போக்கியம் இதுதான். பத்திரத்தில் விற்பனை இல்லை, பட்டா அவன் பேரிலேயே இருக்கும், விளைச்சல் மட்டும் வேறு களத்துக்குப் போகும். இந்த ஓட்டையை அடைக்க 2007இல் ஏஜிபிஎல் என்ற உரிமம் வந்தது. இணையம் வழியாகப் பயன்படுத்துகிறவருக்கும் மூலநிரலைக் கொடு என்கிறது. கூகுள் தன் கம்பெனிக்குள் ஏஜிபிஎல் நிரலைப் பயன்படுத்தவே கூடாது என்று விதி வைத்திருக்கிறது, இதை அவர்களே வெளியிட்டும் இருக்கிறார்கள். திறந்த மனசுக்காரர்கள் எந்த இடத்தில் கதவைச் சாத்துகிறார்கள் என்று பாருங்கள்.

ரெட்ஹாட் கதை இன்னும் தெளிவு. லினக்சை வைத்தே வளர்ந்த கம்பெனி. 2019இல் ஐபிஎம் அதை 3400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. 2023 ஜூனில், தன் முக்கிய லினக்ஸ் பதிப்பின் மூலநிரலை இனிமேல் வாடிக்கையாளர்களுக்கே கொடுப்பேன் என்று அறிவித்தது. வாடிக்கையாளர் அதைப் பிறருக்குக் கொடுக்கலாம், ஜிபிஎல் அனுமதிக்கிறது. ஆனால் கொடுத்தால் சந்தாவை ரத்து செய்ய ஒப்பந்தத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். கவுண்டர் தோட்டத்தில் இதை வேறு மாதிரி சொல்வார்கள். "உம்பட உரிமை, தாராளமா போய்க் கேளு. நாளைக்கு வேலைக்கு மட்டும் வராத."

அதற்காக நிபந்தனையே வீண் என்று ஆகாது. 2003இல் லிங்க்சிஸ் என்ற கம்பெனியின் வயர்லெஸ் ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மூலநிரல் எங்கே என்று நெருக்கினார்கள், கம்பெனி வெளியிட்டது. அந்த நிரலிலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற பொதுத் திட்டம் பிறந்தது. 2004இல் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல் செல்லும் என்று தடையாணை கொடுத்தது. லிங்க்சிசை வாங்கியிருந்த சிஸ்கோ மீது 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குப் போட்டது, 2009 மே மாதம் சிஸ்கோ சமரசத்துக்கு வந்தது. எங்கெல்லாம் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் கோர்ட்டுக்குப் போனானோ அங்கெல்லாம் நிபந்தனை வேலை செய்திருக்கிறது. சிஸ்கோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

இதை எழுதுகிற நான் இருப்பது பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் ரோட்டோரம். 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் இங்கேதான். நூற்பாலை எந்திரம் செய்ய சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கம்பெனியோடு தொழில்நுட்பக் கூட்டு வைத்துத்தான் அது ஆரம்பித்தது. வெளியிலிருந்து வரைபடம் வாங்கினால் ஒப்பந்தம் உண்டு, அதற்கு விலை உண்டு என்பது இங்கே லேத்துப் பட்டறை நடத்துகிறவருக்குக்கூடத் தெரியும். மென்பொருள் மட்டும் வானத்திலிருந்து விழுகிற மழை மாதிரி எல்லோருக்கும் ஆகிவிட்டது. மழையாக இருந்தாலும் கிணற்றைத் தூர் வாருகிறவன் ஒருத்தன் வேண்டும்.

கிணறு என்றதும் இந்தக் கொங்குச் சீமையில் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. மின்சார மோட்டார் வருகிறவரைக்கும் இங்கே வெள்ளாமை கவலை ஏற்றத்தில் நடந்தது. எருதுகள் இழுக்க, கிணற்றிலிருந்து தண்ணீர் ஏறும். தோல் பறியும் வாரும் இல்லாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வராது. செத்த மாட்டைத் தூக்கி, உரித்து, பதனிட்டு, தைத்து, ஓட்டை விழுந்தால் ஓடிவந்து ஒட்டுப்போட்டுக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள், அன்றைய பேச்சில் மாதாரிகள். கூலி, வருஷத்துக்கு இத்தனை வள்ளம் தானியம். அந்தத் தண்ணீரில் விளைந்த பருத்தியில்தான் கோயம்புத்தூர் மில்லுகளெல்லாம் எழும்பின. ஆனால் அதே கிணற்றில் அதே மாதாரி குடிக்கத் தண்ணீர் மொள்ள முடியாது. யாராவது ஊற்றினால் கையேந்திக் குடிக்கலாம். பறி தைக்க மட்டும் கை படலாம், தாகத்துக்குப் படக் கூடாது.

இப்போது 2014 ஏப்ரலுக்கு வாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் என்று ஒரு கட்டற்ற மென்பொருள். வங்கிப் பரிமாற்றத்திலிருந்து மின்னஞ்சல் வரைக்கும் இணையத்தின் ரகசியங்களை மூடிக் காப்பது அது. அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரிய ஓட்டை வெளியே வந்தது. உலகமே பதறியது. அப்புறம்தான் விசாரித்தார்கள், இதை யாரப்பா பார்த்துக்கொள்கிறார்கள் என்று. முழுநேரமாக ஒரே ஒருவர். வருஷத்துக்கு நன்கொடையாக வந்தது ஏறக்குறைய 2000 டாலர். இதன்மேல் உட்கார்ந்து கோடிகளைப் புரட்டிய கம்பெனிகள் எத்தனை! ஓட்டை விழுந்த பிறகு கூகுள், மைக்ரோசாப்ட், பேஸ்புக் எல்லாம் சேர்ந்து அவசரமாக நிதி போட்டன. பறி கிழிந்தால்தான் மாதாரி ஞாபகம் வரும்.

2024 மார்ச்சில் இன்னொன்று. எக்ஸ்இசட் என்ற சுருக்குக் கருவி, அநேகமாக எல்லா லினக்சிலும் இருப்பது. பல வருஷமாக ஒரே ஒருவர் சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மனநலம் சரியில்லை, களைப்பாக இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். அந்தக் களைப்பைப் பயன்படுத்தி, உதவிக்கு வருகிறேன் என்று போலிப் பெயரில் ஒருவர் நுழைந்து, இரண்டு வருஷத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, உள்ளே கள்ளக் கதவு வைத்துவிட்டார். ஒரு பொறியாளர் தன் கணினியில் உள்நுழைய அரை நொடி அதிகமாகிறதே என்று சந்தேகப்பட்டதால் பிடிபட்டது. 2024இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். கம்பெனிகள் பயன்படுத்தும் திறமூல நிரலை அவரவர் தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தால் 8 லட்சத்து 80 ஆயிரம் கோடி டாலர் ஆகியிருக்குமாம். இவ்வளவு பெரிய களத்தில் வள்ளம் தானியம் அளந்து போடக்கூட ஆளில்லை.

கம்பெனிகள் ஒன்றுமே தருவதில்லையா என்று கேட்பார்கள். தருகின்றன. லினக்ஸ் கருவை எழுதுகிறவர்களில் பெரும்பான்மை இன்று கம்பெனிச் சம்பளக்காரர்கள். இன்டெல், கூகுள், ரெட்ஹாட் எல்லாம் ஆள் போட்டு எழுதுகின்றன. மறுக்கவில்லை. ஆனால் வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டப்படுகிறது என்று பாருங்கள். தன் சிப்பு ஓட, தன் சர்வர் வேகமாக எதெல்லாம் வேண்டுமோ அங்கே ஆள் இருக்கிறது. தமிழ் எழுத்து திரையில் சரியாக விழுவதற்கு? 'எ-கலப்பை' தட்டச்சுக் கருவியைச் செய்ததும், லினக்ஸ் திரைகளைத் தமிழாக்கியதும், 2012இலிருந்து 'கணியம்' இதழில் இதையெல்லாம் தமிழில் எழுதிவருவதும் தன்னார்வலர்கள். வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து செய்தவர்கள். பெங்களூர் ஜெரோதா கம்பெனி 2024 அக்டோபரில், இத்தகைய திட்டங்களுக்கு வருஷம் 10 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. வரவேற்கத்தான் வேண்டும். ஆனாலும் அது கொடை. கொடுக்கிறவர் மனசு மாறினால் நின்றுவிடும்.

சரி, அந்த ராத்திரி யாருக்கு இருக்கிறது? இங்கேதான் 'கோடுக்குச் சாதி கிடையாது' என்பது கழன்று விழுகிறது. என் அக்கா மகன் பொறியியல் முடித்தவன். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், நிரலில் இங்கிலீசு என்று மூன்று பாஷையில் வளர்ந்தவன். படிக்கிற நாலு வருஷமும் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஒரு பட்டறையில் ஜாப் ஒர்க் பார்த்தான். வீடு ஒற்றை ரூம், அஞ்சு பேர். இன்டர்வியூவுக்குப் போன ஒரு கம்பெனியில், பெயர் வேண்டாம், கேள்விகளுக்கெல்லாம் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். கடைசியாக, "உங்க கிட்ஹப் புரொபைல் காலியா இருக்குதுங்களே, ஓப்பன் சோர்ஸ்ல ஒண்ணும் பண்ணலீங்களா? ஆர்வம் இருக்கறவங்க பண்ணீருப்பாங்களே" என்றார்களாம். வந்து என்னிடம் சொன்னான். "மாமா, எனக்கு ஆர்வம் இல்லீன்னுட்டாங்க. நானு ராத்திரி பத்து மணிக்கு எண்ணெய்க் கையக் கழுவீட்டு எப்ப மாமா ஆர்வப்படறது?" எனக்குப் பதில் வரவில்லை.

சம்பளமில்லாமல் முதலில் உழைத்துக் காட்டு, அப்புறம் வேலை தருகிறேன் என்பதற்குத் தமிழில் வெட்டி என்று பெயர். அந்த வெட்டியைச் செய்யவும் ஒரு வசதி வேண்டும் என்பதுதான் இந்தக் காலத்துப் புதுமை! அப்பன் சம்பாத்தியத்தில் தனி அறையும் நல்ல இணையமும் இருக்கிற பையன் இரண்டு வருஷம் இலவசமாக எழுதுவான். அவன் 'பங்களிப்பாளன்'. நம் பையன் கணக்கில் பூஜ்யம். தகுதி, திறமை என்று மண்டல் காலத்தில் தெருவில் கத்திய அதே குரல்தான் இது. இப்போது மென்மையாக, பச்சைக் கட்டங்களாக ஒரு திரையில் தெரிகிறது. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது. 2009இல் அருந்ததியருக்கு வந்த 3 விழுக்காடு உள்ஒதுக்கீடும் சரவணம்பட்டி கம்பெனி வாசலில் நின்றுவிடும்.

அரசுக் கம்பெனி என்ன செய்தது? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்வார்கள். எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தில் 2006 முதல் 2008 வரை மேலாண்மை இயக்குநராக இருந்தவர் சி. உமாசங்கர் ஐஏஎஸ். தன் அலுவலகக் கணினிகளை விண்டோசிலிருந்து சூசே லினக்சுக்கு மாற்றினார். மற்ற துறைகளையும் பள்ளிகளையும் அந்தப் பக்கம் தள்ளினார். இந்தியாவில் ஓர் அரசு நிறுவனம் இவ்வளவு துணிச்சலாக இதைச் செய்தது அன்றைக்குப் பெரிய சேதி. தொண்ணூறுகளில் மதுரையில் சுடுகாட்டுக் கூரை ஊழலை வெளியே கொண்டுவந்தவரும் இவர்தான். தொழில்நுட்பக்காரர்கள் லினக்ஸ் கதையை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். 2010 ஜூலையில் அவரை இடைநீக்கம் செய்தார்கள். சொல்லப்பட்ட காரணம் சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதி என்று பொய்ச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு வந்துவிட்டாராம். பணியில் சேர்ந்து இருபது வருஷம் கழித்து! தலித் அமைப்புகளும் பிறரும் கண்டித்த பிறகு இடைநீக்கம் திரும்பப் பெறப்பட்டது. ஊரெல்லாம் கணினியை மாற்றலாம், ஆனால் ஒரு தலித் அதிகாரியின் மேஜையில் கடைசியாக வந்து விழுவது சான்றிதழ்க் கேள்விதான்.

இதில் நமக்கு இன்னொரு பாடம் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் அதிகாரியின் துணிச்சலில் நின்ற மாற்றம் அவர் மாற்றப்பட்டதும் வேகம் இழந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும், சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்த்தே ஏற்றப்பட்டன. எங்கள் பக்கத்துச் சேரிப் பிள்ளைகள் முதன்முதலில் தொட்ட கணினி அதுதான், அதன் அருமையை நான் குறைக்க மாட்டேன். ஆனால் பாஸ் லினக்சைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் இல்லை. கடையில் காசு கொடுத்து அதை அழித்துவிட்டு வந்த பிள்ளைகள்தான் அதிகம். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கேரளம். அங்கே ஐடி அட் ஸ்கூல் திட்டத்தில் ஆசிரியர் சங்கங்களும் இயக்கத்தவரும் சண்டை போட்டு, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையே கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறார்கள். அதிகாரி மாறினாலும் பாடத்திட்டம் மாறவில்லை. இங்கே மென்பொருளை எடுத்துக்கொண்டோம், ஆளை உருவாக்கவில்லை. திருப்பித் தந்தது அதைவிடக் குறைவு.

இன்னொரு வேடிக்கை, 'கம்யூனிட்டி' என்ற சொல். திறமூலக்காரர்கள் வாயைத் திறந்தால் கம்யூனிட்டி. கம்யூனிட்டிக்குத் திருப்பிக் கொடுங்கள், கம்யூனிட்டியில் சேருங்கள். கோயம்புத்தூரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனால் "நீங்க என்ன கம்யூனிட்டிங்க?" என்பதற்கு என்ன அர்த்தம் என்று இவர்களுக்குத் தெரியாதா? 2020இல் அமெரிக்காவில் கறுப்பர்கள் தெருவுக்கு வந்தபோது கிட்ஹப், நிரலின் முதன்மைக் கிளைக்கு இருந்த 'மாஸ்டர்' என்ற பெயரை எடுத்துவிட்டு 'மெயின்' என்று வைத்தது. எசமான் என்ற வார்த்தை போனது, நல்லது. அதே 2020 ஜூனில் கலிபோர்னியா அரசு, ஒரு தலித் பொறியாளரை இரண்டு ஆதிக்க சாதி மேலாளர்கள் பாகுபாடு காட்டி ஒதுக்கினார்கள் என்று ஒரு கம்பெனி மீது வழக்குப் போட்டது. எந்தக் கம்பெனி? சிஸ்கோ. கம்பெனி குற்றச்சாட்டை மறுத்தது. 2023 ஏப்ரலில் அந்த இருவர் மீதான வழக்கை அரசே விலக்கிக்கொண்டது. 2022 ஏப்ரலில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசுவதாக இருந்த கூட்டத்தைக் கூகுள் ரத்து செய்தது. சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யக் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் நிராகரித்தார். நிரலைத் திருப்பிக் கொடு என்று காகிதத்தில் நிபந்தனை இருந்ததால் சிஸ்கோ ஆறு மாதத்துக்குள் இறங்கி வந்தது. சாதி பார்க்காதே என்பதற்கு அங்கே இன்னும் அப்படியொரு காகிதம் இல்லை.

நாம் என்ன கேட்கப்போகிறோம்? கம்பெனிகளின் மனசாட்சியிடம் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அரசிடம் கேட்பதற்கு இடம் இருக்கிறது. 2015இல் மத்திய அரசு திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் பராமரிக்கிறவர் யார், அவருக்குக் கூலி என்ன என்ற பேச்சைக் காணோம். தமிழ்நாட்டு மக்கள் பணத்தில் எழுதப்படும் எந்த மென்பொருளானாலும் ஜிபிஎல், ஏஜிபிஎல் என்ற நிபந்தனையோடுதான் வெளியிடப்பட வேண்டும், கம்பெனி எடுத்துப் பூட்டிக்கொள்ள விடக் கூடாது. அதைப் பராமரிக்கிற வேலை எல்காட்டில் சம்பளப் பதவியாக வேண்டும். பதவி என்று ஆகிவிட்டால் இனச்சுழற்சி வரும், 18 விழுக்காடு வரும், அதற்குள் 3 விழுக்காடும் வரும். 'தன்னார்வப் பங்களிப்பு' என்றே விட்டுவைத்தால் எந்த ஒதுக்கீடும் வராது. மேடையில் இதைத் 'தொண்டு' என்று ஏன் இவ்வளவு பாசமாகச் சொல்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோவை டைடல் பார்க்கும் எல்காட் நிலத்தில்தான் நிற்கிறது. அரசு நிலத்தில் இடம் பிடித்த கம்பெனிகளிடம், நீங்கள் ஓட்டுகிற கட்டற்ற மென்பொருளின் பட்டியலைக் கொடுங்கள், மாணவர்களை எழுதச் சொன்னால் உதவித்தொகை கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று விதி போட அரசுக்கு வாய் இல்லையா?

மாணவத் தோழர்களுக்கு: இலவசமாக எழுதுவதற்கு முன்னால் உரிமத்தைப் படியுங்கள், பட்டா படிக்கிற மாதிரி வரிவரியாக. உங்கள் சொந்த நிரலுக்கு எம்ஐடி போடச் சொல்லி யாராவது தோளில் கைபோட்டால், ஏன் என்று கேளுங்கள். அவுட்ரீச்சி என்று ஒரு திட்டம் இருக்கிறது. பாகுபாட்டைச் சந்திக்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு மூன்று மாதம் கட்டற்ற மென்பொருளில் வேலை. விண்ணப்பத்தில் நீங்கள் சந்தித்த பாகுபாட்டை எழுதச் சொல்வார்கள். சாதி என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் நாங்கள் அஞ்சாறு பேர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து ஜிபிஎல்லைத் தமிழில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அக்கா மகனும் வருகிறான். 'கைமாற்றம்' வருகிற இடத்தில் எங்களுக்கு இன்னும் சில வரிகள் புரிபடவில்லை. பஞ்சமி நில வழக்குகளில் வேலை செய்த வக்கீல் தோழர்கள் யாராவது வந்தால் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம்.